திருகாணியும் வரையாடும்

வேட்டை ரைபிளில் ஸ்கோப் மாட்டுவது அரைமணி நேர வேலை என்று கடைகளில் சொல்வார்கள். எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுக்க வேண்டும். நாலு கிலோகூட எடையில்லாத ஒரு கருவி. அதன் முதுகில் சின்னச் சின்னத் திருகாணிகள் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு கண்ணாடிக் குழாய். அந்தக் குழாயை நம்பித்தான் 200 மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஓர் உயிரை நோக்கி விசையை அழுத்துகிறோம். குழாய் நகர்ந்திருந்தால் விலங்கு சாகாது, காயத்தோடு ஓடும். ஆளேற முடியாத பாறை இடுக்கில் விழுந்து நாள்கணக்கில் துடிக்கும்.

எவ்வளவு நகர்ந்தால் தப்பும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்கோப்பைத் தாங்கும் இரண்டு ரிங்குகளுக்கும் நடுவே 100 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு முனை மட்டும் 0.1 மி.மீ. நகர்கிறது. ஒரு தலைமுடியின் தடிமன் அவ்வளவுதான். நூறில் பத்தில் ஒன்று என்றால் ஆயிரத்தில் ஒன்று. 200 மீட்டர் தூரத்தில் அது 20 செ.மீ. ஆகிவிடும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடமே ஏறத்தாழ அவ்வளவுதான். மார்பின் நடுவில் குறி வைத்தவனின் குண்டு வயிற்றில் பாயும்.

கோவை பீளமேட்டுப் பட்டறைகளில் பம்பு மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து கைபழகியவன் நான். பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் எங்கள் தொழிலில் பெரிய அளவு. நூறில் ஒன்றைத்தான் தேடுவோம். இப்போது நியூசிலாந்தின் தெற்குத் தீவில், டிமரு என்ற துறைமுக ஊரில் பால் ஆலை இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறேன். துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கும் நண்பர்கள் வார இறுதிகளில் ரைபிளோடு என் பட்டறைக்கு வருவார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இங்கே ஏன் வேட்டை?

தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம் தேவை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கதவடைத்தது. அது சரியான சட்டம். காடு சுருங்கி, விலங்கும் அருகிவிட்ட மண்ணில் வேறு வழியில்லை. நியூசிலாந்தின் கதை நேர்மாறானது. மனிதர்கள் வந்து சேரும் முன் இந்தத் தீவுகளில் வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டியே கிடையாது. புல்லும் புதரும் பறவைகளும் அப்படிப்பட்ட உலகத்திலேயே உருவானவை. 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஆங்கிலேயர்கள் வேட்டைக்கென்று சிவப்பு மானைக் கொண்டுவந்து விட்டார்கள். வேட்டையாடும் புலியும் இல்லை, ஓநாயும் இல்லை. பெருகியது. 1930 முதல் அரசாங்கமே சம்பளத்துக்கு ஆள் வைத்து மானைச் சுட வேண்டியதாயிற்று.

1904-இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட் பிரபு இமயமலை வரையாடுகளைப் பரிசாக அனுப்பினார். ஆவோராக்கி என்று மாவோரி மக்கள் அழைக்கும் மவுண்ட் குக் மலைப்பகுதியில் அவற்றை அவிழ்த்துவிட்டார்கள். நம் ஆனைமலையிலும் முக்கூர்த்தியிலும் மேயும் நீலகிரி வரையாட்டின் உறவு அது. விலங்கியலார் நெடுங்காலம் இரண்டையும் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். நம் வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு; அழியும் நிலையில் இருப்பதால் காப்பாற்றப் போராடுகிறோம். இங்கோ அதன் உறவு, பனிமலையின் புல்வெளிகளை மேய்ந்து தீர்க்கிறது. உலகத்திலேயே மிகப் பெரிய பட்டர்கப் மலர்ச்செடி இந்த மலைகளில்தான் வளர்கிறது. அதையும் வேரோடு ஒழித்துவிடும். 1993-இல் வகுத்த அரசுத் திட்டம் வரையாடுகளின் எண்ணிக்கைக்கு 10,000 என்று உச்சவரம்பு வைத்தது. சம்பளத்துக்குச் சுடுபவர்களோடு என்னைப்போல் இலவச அனுமதிச்சீட்டு வாங்கி மலையேறுபவர்களும் சேர்ந்துதான் அந்த எண்ணைக் கட்டுக்குள் வைக்கப் பார்க்கிறார்கள்.

வால்பாறைச் சாலையில் வரையாட்டைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே அதன் சொந்தத்தைச் சுடும்போது எனக்குள் ஒரு கனம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். தேவை கருதி ஓர் உயிரை எடுக்கலாம் என்று ஒப்புக்கொண்ட பிறகு, அதை வலியில்லாமல் எடுப்பது கடமை. அந்தக் கடமை மலையில் தொடங்குவதில்லை, பட்டறை மேசையில் தொடங்குகிறது.

மடங்கு என்ற மயக்கம்

கிறைஸ்ட்சர்ச்சில் படிக்கும் பொள்ளாச்சிப் பையன் ஒருவன். லைசென்ஸ் வாங்கிய சூட்டோடு கேட்டான்: "ஏனுங்கண்ணா, ஒம்பது மடங்கெல்லாம் எந்த மூலைக்குங்க? இருபத்துநாலு மடங்கு ஸ்கோப் வாங்கிட்டா ஆடு கிட்டக்க வந்து நிக்கிற மாதிரி தெரியாதுங்களா?"

"தெரியும் தம்பி. உன் கை நடுக்கமும் இருபத்துநாலு மடங்கு தெரியும்," என்றேன்.

ஸ்கோப்பின் பெயரிலேயே அதன் குணம் எழுதியிருக்கும். 3-9x40 என்றால், காட்சியை 3 முதல் 9 மடங்குவரை பெரிதாக்கும்; முன்கண்ணாடியின் விட்டம் 40 மி.மீ. மடங்கு கூடக்கூட நாலு இழப்புகள் கூடவே வரும். பார்வைப் பரப்பு சுருங்கும்: 3 மடங்கில் 100 மீட்டர் தூரத்தில் சுமார் 10 மீட்டர் அகலம் தெரிந்தால், 9 மடங்கில் நாலு மீட்டர்கூடத் தெரியாது. புதருக்குள் ஓடும் மானை நாலு மீட்டர் அகலத்துக்குள் தேடிப் பிடிப்பதற்குள் அது போய்விடும். அடுத்தது நடுக்கம். மூன்றாவது, வெயில் ஏறிய பாறையிலிருந்து எழும் வெப்ப அலை; அதுவும் பெரிதாகி உருவத்தைக் குழப்பும். நாலாவது வெளிச்சம்.

வெளிச்சத்துக்கு எளிய கணக்கு உண்டு. முன்கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40-ஐ 4-ஆல் வகுத்தால் 10 மி.மீ.; 9-ஆல் வகுத்தால் 4.4 மி.மீ. இருட்டில் இளைஞனின் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், வயது ஏறினால் 5 மி.மீ. விரிவதே பெரிது. கண்மணியைவிட அகலமான கற்றை வீண். குறுகலான கற்றை மங்கல். ஆகவே அந்தி நேரத்தில் மங்கலாகத் தெரிந்தால் மடங்கைக் குறையுங்கள், காட்சி வெளுக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் 56 மி.மீ. முன்கண்ணாடி வாங்குகிறார்கள். ஜெர்மனியில் நிலா வெளிச்சத்தில் காட்டுப்பன்றிக்குக் காத்திருப்பவர்களுக்கு 8x56 சரியான கருவி. நியூசிலாந்தின் அரசு வனநிலங்களில் இரவில் விளக்கடித்துச் சுடத் தடை இருக்கிறது. பகல் வேட்டைக்கு 40 அல்லது 42 மி.மீ. தாராளம். பெரிய கண்ணாடி வைத்தால் ஸ்கோப்பை உயர்த்தி மாட்ட வேண்டிவரும், எடையும் ஏறும்.

அடர்ந்த பீச் மரக்காட்டில் மான் 30 முதல் 80 மீட்டருக்குள்தான் எதிர்ப்படும். அங்கே 2 அல்லது 3 மடங்கு போதும். மேலே புல்மலையில் வரையாட்டுக்கு 200, 250 மீட்டர். அதற்கு 8, 9 மடங்கு நிறைவு. இரண்டுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் 3-9x40, அல்லது 2-லிருந்து 10 மடங்குக்குள் அடங்கும் ஒன்று. அந்தப் பையனுக்கும் அதையே சொன்னேன்.

கண்ணாடிக்குக் கொடுங்கள் காசை

பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் 4 சதவீத ஒளி எதிரொளித்துத் திரும்பிவிடும். ஒரு ஸ்கோப்பில் பத்துப் பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் உள்ளேயே தொலைந்துவிடும். ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935-இல் இந்த எதிரொளிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சைக் கண்டுபிடித்தார். இன்று எல்லா ஸ்கோப்பிலும் ஏதோ ஒரு பூச்சு இருக்கும். எல்லாப் பரப்பிலும் பல அடுக்காகப் பூசியிருக்கிறதா என்பதில்தான் விலையின் வித்தியாசம். கடைக்குள் விளக்கடியில் பார்த்தால் மலிவும் தரமும் ஒன்றுபோலவே தெரியும். கடை வாசலுக்கு எடுத்துச்சென்று, எதிர்த் தெருவில் நிழல் விழுந்த மூலையைப் பாருங்கள். நிழலுக்குள் என்ன இருக்கிறது என்று எது காட்டுகிறதோ அதுவே நல்ல கண்ணாடி.

அடுத்து குறுக்குக்கோடு. லியூபோல்ட் நிறுவனம் 1962-இல் கொண்டுவந்த டூப்ளெக்ஸ் அமைப்பே இன்றும் வேட்டைக்கு ஏற்றது. ஓரத்தில் தடித்த கோடுகள், நடுவில் மெல்லிய கோடுகள். தடித்த கோடு அந்திமங்கலிலும் கண்ணை நடுவுக்கு இழுக்கும். மெல்லிய கோடு குறியை மறைக்காது. கோடும் புள்ளியும் நிறைந்த அமைப்புகள் சுடுதளத்தில் உதவும். காற்று அடிக்கும் சரிவில், நெஞ்சு படபடக்கும்போது, எண்ணிப் பார்க்க நேரம் இருக்காது.

கண்ணுக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே வேண்டிய தூரத்தைக் கட்டாயம் பாருங்கள். வேட்டை ஸ்கோப்புகளில் அது 90 முதல் 100 மி.மீ. வரை இருக்கும், அதற்குக் குறைந்ததை வாங்காதீர்கள். ரைபிள் உதைக்கும்போது ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் பாய்ந்து அரைவட்டமாகக் கிழித்துவிடும். இங்கே நெற்றியில் அந்தத் தழும்போடு நடமாடும் வேட்டைக்காரர்கள் உண்டு.

குழாயின் விட்டம் ஓர் அங்குலம், அதாவது 25.4 மி.மீ., அல்லது 30 மி.மீ. தடித்த குழாய் அதிக வெளிச்சம் தரும் என்று சிலர் சொல்வது தவறு. அது தருவது, குறுக்குக்கோட்டை மேலும் கீழும் நகர்த்தக் கூடுதல் இடம். எதை வாங்கினாலும் ரிங்கும் அதே அளவில் இருக்க வேண்டும். குழாய்க்குள் நைட்ரஜன் நிரப்பி மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். குளிரிலிருந்து கூடாரத்துக்குள் வரும்போது உள்ளே ஈரம் படியாமல் காப்பது அதுதான்.

அடித்தளம்

ரைபிளின் முதுகோடு சேர்வது பேஸ். பேஸின் மேல் ரிங், ரிங்குக்குள் ஸ்கோப். இந்த மூன்று இணைப்பில் ஒன்று தளர்ந்தாலும் மற்ற இரண்டின் உறுதியால் பயனில்லை. இங்கே மலைவேட்டைக்காரர்கள் பலர் வைத்திருக்கும் ஃபின்லாந்து டிக்கா ரைபிளில், உடற்பகுதியான ரிசீவரின் மேலேயே 17 மி.மீ. அகலத்தில் டவ்டெயில் என்ற சரிவோரப் பட்டை கடைந்திருக்கும். ரிங்கை நேராக அதில் பிடிக்கலாம், அல்லது மரை போட்ட துளைகளில் தனி ரயில் மாட்டலாம். 1995-இல் அமெரிக்க ராணுவம் தரப்படுத்திய பிக்காட்டினி ரயில் இப்போது பரவலாகக் கிடைக்கிறது. குறுக்கே வெட்டிய பள்ளங்கள் சம இடைவெளியில் இருப்பதால் ரிங்கை முன்னும் பின்னும் வைத்துப் பார்க்க வசதி.

முதலில், தோட்டாவை அறைக்குள் தள்ளி மூடும் போல்ட்டைக் கழற்றி, அறையில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். வேலை முடியும்வரை தோட்டாப் பெட்டி அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

துளைகளிலும் திருகாணிகளிலும் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். ஸ்பிரிட் தொட்டுச் சுத்தமாகத் துடைத்தெடுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் எவ்வளவு முடுக்கினாலும் உதையில் நெகிழும். பிறகு பேஸை வெறுமனே உட்காரவைத்து, ஒரு முனையை விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடினால் அடியில் பிசிறு இருக்கிறது, அல்லது வளைவு ஒத்துப்போகவில்லை. அப்படியே முடுக்கினால் பேஸ் வளையும்; வளைந்த பேஸ் ரிங்கைக் கோணலாக்கும்; கோணல் ரிங் ஸ்கோப்பின் குழாயை முறுக்கும்.

பேஸின் திருகாணிகளில் நடுத்தரப் பிடிப்புள்ள நீலநிற லாக்டைட் பசை ஒரு சொட்டுப் போதும். சிவப்பு நிறத்தைத் தொடாதீர்கள். பிறகு சூடேற்றாமல் கழலாது. முடுக்கிய பின் போல்ட்டை மாட்டி இழுத்துத் தள்ளிப் பாருங்கள். திருகாணி ஒரு மரை நீளமாக இருந்தாலும் போல்ட்டை உரசும்.

பிக்காட்டினி ரயிலில் ரிங்கை வைக்கும்போது, குழல் இருக்கும் பக்கமாக முன்னே தள்ளிப் பிடித்துக்கொண்டு முடுக்க வேண்டும். சுடும்போது ரைபிள் பின்னால் பாய்கிறது. ஸ்கோப் தன் நிறையால் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்ப்பதால், ரைபிளை ஒப்பிட்டால் அது முன்னே நகர முயல்கிறது. அந்தக் கணத்தின் முடுக்கம் புவியீர்ப்பைப் போல நூறு மடங்குக்கும் மேல். ரிங்கின் குறுக்குக்கட்டை பள்ளத்தின் முன்சுவரில் ஏற்கெனவே முட்டி நின்றால் நகர இடமிருக்காது. இடைவெளி விட்டிருந்தால் முதல் சில குண்டுகளிலேயே குறி மாறும்.

பீளமேட்டில் ஃபிட்டர்கள் இரண்டு பரப்பு முழுதாகப் பொருந்துகிறதா என்று பார்க்க நீலச்சாயம் தடவுவார்கள். ரிங்கின் கீழ்ப்பாதியில் அதை மெல்லியதாகப் பூசி, அதே விட்டமுள்ள நேரான இரும்புத் தண்டை வைத்து எடுத்துப் பார்ப்பேன். நீலம் பரவலாக ஒட்டியிருந்தால் நல்ல ரிங். ஓர் ஓரத்தில் மட்டும் ஒட்டியிருந்தால் குழாயும் அந்த ஓரத்தில்தான் உட்காரும். அரைத்துச் சரிசெய்ய வழி உண்டு. நல்ல ரிங்குக்கு அது தேவைப்படாது. ஸ்கோப்பில் செலவழித்துவிட்டு ரிங்கில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்களிடம் நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது: ஒரு படி குறைந்த ஸ்கோப்பை வாங்கி, மிச்சத்தை ரிங்குக்குக் கொடுங்கள்.

ரிங்கின் உயரம், முன்கண்ணாடி குழலைத் தொடாத அளவுக்கு, கண்ணாடி மூடியும் போல்ட்டின் கைப்பிடியும் தடையின்றி இயங்கும் அளவுக்கு இருந்தால் போதும். அதற்கு மேல் வேண்டாம். கன்னம் கட்டையில் பதிந்திருக்கும்போதே கண் தானாக ஸ்கோப்பின் மையத்துக்கு வர வேண்டும். கன்னத்தைத் தூக்கிப் பார்க்க நேர்ந்தால், ஒவ்வொரு முறையும் கண் வெவ்வேறு இடத்தில் நிற்கும். இடமாறு தோற்றப் பிழை என்று பள்ளி இயற்பியலில் படித்தோமே, அது இங்கே குண்டு விலகலாக வெளிப்படும்.

கண்ணும் நேர்கோடும்

ஸ்கோப்பைக் கீழ்ப்பாதி ரிங்குகளில் வைத்து மேல்மூடிகளைத் தளர்வாகப் போடுங்கள், குழாய் சறுக்கும் அளவுக்கு. மடங்கை உச்சத்தில் வையுங்கள். கண்ணின் இடம் கறாராக வேண்டியிருப்பது அங்கேதான். மலையில் போடும் தடித்த குளிர்ச்சட்டையை இப்போதே அணிந்துகொள்ளுங்கள். கண்ணை மூடி, ரைபிளைத் தோளில் பதித்து, கன்னத்தைக் கட்டையில் வைத்த பிறகு கண்ணைத் திறவுங்கள். சுற்றிலும் கருநிழல் இல்லாமல் வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் தலையை நகர்த்தாதீர்கள், ஸ்கோப்பை நகர்த்துங்கள்.

வரையாட்டு வேட்டைக்கு இதில் இன்னொரு படி இருக்கிறது. அங்கே பாதி நேரம் குப்புறப் படுத்துச் செங்குத்தாக மேல்நோக்கிச் சுட வேண்டியிருக்கும். அந்த நிலையில் முகம் ஸ்கோப்பை நெருங்கிவிடும். அதனால் தரையில் படுத்து, மலையுச்சியைப் பார்ப்பதுபோல் மேல்நோக்கிப் பிடித்தும் சோதிக்கிறேன். நின்றால் சரியாகவும் படுத்தால் அபாயமாகவும் இருந்தால், ஸ்கோப்பை ஒரு விரற்கடை முன்னே தள்ளி வைப்பேன்.

அடுத்து குறுக்குக்கோடு நேராக நிற்க வேண்டும். பலர் கண்மதிப்பில் விட்டுவிடும் வேலை இது. கொட்டகைக் கூரையிலிருந்து பளிச்சென்ற நூலில் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிடுவேன். காற்றில் ஆடாமல் இருக்கக் குண்டைத் தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்துவேன். கொத்தனாராயிருந்த அப்பா செய்வது அப்படித்தான். ரைபிளை இருபது இருபத்தைந்து மீட்டர் தள்ளித் தாங்கியில் பூட்டி, ரயிலின் குறுக்கே ரசமட்டம் வைத்துச் சமப்படுத்துவேன். பிறகு மடங்கைக் குறைத்து, ஸ்கோப் வழியே நூலைப் பார்த்து, நெடுக்குக்கோடு நூலோடு ஒன்றும்வரை ஸ்கோப்பைச் சுழற்றுவேன்.

இவ்வளவு எதற்கு? .308 ரைபிளின் குண்டு 300 மீட்டர் போவதற்குள் ஏறத்தாழ 90 செ.மீ. கீழே விழுகிறது. அந்த வீழ்ச்சியை ஈடுகட்ட, குறுக்குக்கோட்டை நகர்த்தும் டயலைத் திருப்பிச் சுடும்போது கோடு 5 பாகை சாய்ந்திருந்தால், ஈடுகட்டும் நகர்வும் சாய்வாகவே போகும். குண்டு பக்கவாட்டில் விலகும்.

இனி ரிங் மூடிகளின் முடுக்கல். லாரிச் சக்கரத்தின் நட்டுகளை முடுக்குவதுபோல் குறுக்கும் மறுக்குமாக, ஒவ்வொன்றிலும் கால்சுற்றுக் கால்சுற்றாக. ஒரு பக்கத்தை முழுக்க முடுக்கிவிட்டு மறுபக்கம் போனால் ஸ்கோப் சுழன்றுவிடும். நூல் பார்த்த வேலை பாழாகும். முடிவில் மூடிக்கும் கீழ்ப்பாதிக்கும் இடையே இரு பக்கமும் ஒரே அளவு சந்து தெரிய வேண்டும்.

எவ்வளவு முடுக்கலாம் என்பது ரிங்கோடு வரும் தாளில் இருக்கும். பெரும்பாலும் 15 முதல் 18 அங்குல-பவுண்டு, அதாவது 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர்வரைதான். சின்ன ஆலன் கீயைக் கைப்பலத்தில் திருகினால் அந்த அளவை எளிதாகத் தாண்டிவிடலாம். குழாய் மெல்லிய அலுமினியம், நசுங்கும். உள்ளே குறுக்குக்கோட்டை நகர்த்தும் பாகங்கள் இறுகி, டயலைத் திருப்பினாலும் அசையாது. தளர்வு எவ்வளவு கெடுதலோ, அதீத இறுக்கமும் அவ்வளவே கெடுதல். 2 நியூட்டன் மீட்டரைக் கையால் உணர்வேன் என்று எந்த ஃபிட்டர் சொன்னாலும் நம்பாதீர்கள். டார்க் ரெஞ்ச் சொல்லட்டும்.

முடுக்கி முடித்தபின் ஒவ்வொரு திருகாணித் தலையிலிருந்தும் பக்கத்து உலோகத்துக்கு மெல்லிய பெயிண்ட் கோடு ஒன்று இழுத்துவிடுவேன். என்றைக்காவது அந்தக் கோடு முறிந்து தெரிந்தால் திருகாணி நகர்ந்திருக்கிறது என்று பொருள்.

தாளில் பட்ட குண்டு சொல்வது

போல்ட்டைக் கழற்றிய ரைபிளை மணல் மூட்டையில் வைத்து, குழலின் துவாரம் வழியாகவே 25 மீட்டரில் உள்ள இலக்கைப் பாருங்கள். அது வட்டத்தின் நடுவே தெரியும்போது ரைபிளை அசைக்காமல், குறுக்குக்கோட்டையும் அதே இடத்துக்கு டயலால் கொண்டுவாருங்கள். இதனால் முதல் குண்டு தாளிலாவது படும். 25 மீட்டரில் சரிசெய்துகொண்டு 100 மீட்டருக்குப் போகலாம். காற்று எழும்பாத காலையாகப் பாருங்கள். இங்கே, கேன்டர்பரி வட்டாரத்தில், வடமேற்குக் காற்று கிளம்பிவிட்டால் அன்றைக்குக் கற்பதற்கு ஒன்றுமில்லை.

ஒரு குண்டை வைத்து டயலைத் திருப்பாதீர்கள். மூன்று சுட்டு, மூன்றின் நடுப்புள்ளியைப் பாருங்கள். பல ஸ்கோப்புகளில் டயலின் ஒரு 'க்ளிக்' 100 மீட்டரில் குண்டை 7 மி.மீ. நகர்த்தும், சிலவற்றில் 10 மி.மீ. நடுப்புள்ளி 6 செ.மீ. இடப்பக்கம் விலகியிருந்தால், 7 மி.மீ. டயலில் வலப்பக்கம் எட்டு ஒன்பது க்ளிக். டயலில் அம்புக்குறி காட்டுவது குண்டு நகரும் திசை. உயரத்தைப் பொறுத்தவரை, .308 போன்ற ரைபிளில் 100 மீட்டரில் ஏறத்தாழ 5 செ.மீ. மேலே படும்படி வைத்தால் 200 மீட்டரில் நேராகப் படும். அந்தத் தூரம்வரை டயலைத் தொடாமலே மார்பின் நடுவில் குறி வைக்கலாம்.

குழலை ஆறவிட்டுச் சுடுங்கள். சூடேறிய குழலின் பத்தாவது குண்டைப் பற்றி மலையில் கவலையில்லை. அங்கே போவது குளிர்ந்த குழலின் முதல் குண்டு ஒன்றுதான். அது எங்கே படுகிறது என்று தனியாக ஒரு தாள் வைத்து, வெவ்வேறு நாட்களில் சோதித்துக் குறித்துவையுங்கள்.

செங்குத்துச் சரிவில் சுடும்போது ஒரு கணக்கு மாறும். குண்டை இழுக்கும் புவியீர்ப்பு, கிடைமட்டத் தூரத்துக்கு மட்டுமே கணக்கு வைக்கிறது. 40 பாகை ஏற்றத்தில் 250 மீட்டர் என்று தூரமானி காட்டினால், கிடைமட்டத்தில் அது 190 மீட்டரே. 250-க்கு உரிய உயரத்தில் குறி வைத்தால் குண்டு நினைத்த இடத்துக்கு மேலே படும்.

பார்ப்பதற்குப் பைனாகுலர்

மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் சிவப்பு மானின் இணைசேரும் காலம். ஆண்மான்கள் காடதிரக் கத்தும். அந்தக் குரலைப்போலக் கத்தி அழைத்துத்தான் வேட்டையாடுவார்கள். மானைப்போலக் கத்திய மனிதனையே மானென்று நினைத்து இன்னொரு வேட்டைக்காரர் சுட்டுக்கொன்ற துயரங்கள் இந்நாட்டில் நடந்திருக்கின்றன. லைசென்ஸ் கேட்பவர் தெரிந்திருக்க வேண்டிய ஏழு பாதுகாப்பு விதிகளில் நான்காவது, சந்தேகத்துக்கு இடமேயில்லாமல் இலக்கை அடையாளம் கண்டுகொள் என்பது.

புதரில் ஏதோ அசைகிறது, என்னவென்று பார்க்கலாம் என்று ஸ்கோப்பை உயர்த்துபவர், அது மனிதனாக இருந்தால் அந்தக் கணத்தில் ஒரு மனிதனை நோக்கித் துப்பாக்கியை நீட்டிவிட்டார். குறுகிய வட்டத்துக்குள் பழுப்பு நிறத்தை மட்டும் கண்ட மனம், மிச்ச மானைத் தானே வரைந்துகொள்ளும். தேடுவது, இனம் காண்பது, ஆணா பெண்ணா குட்டி பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது எல்லாமே பைனாகுலரின் வேலை. அது கழுத்தில் தொங்கட்டும். சுடலாம் என்று முடிவான பிறகே ஸ்கோப்புக்குக் கண் போக வேண்டும். எவ்வளவு விலை கொடுத்த ஸ்கோப்பும் இந்த ஒழுக்கத்துக்கு ஈடாகாது.

மலையில் ரைபிள் கீழே விழுந்தாலோ, பாறையில் ஸ்கோப் பலமாக இடித்தாலோ, பெயிண்ட் கோடுகளைப் பாருங்கள். கோடு முறியாமல் இருந்தாலும், பாதுகாப்பான மண்மேட்டில் ஓர் இலக்கு வைத்து ஒரு குண்டு சுட்டுச் சரிபார்க்காமல் விலங்கை நோக்கி நீட்டாதீர்கள். சரிபார்க்க வழியில்லை என்றால் அன்றைக்கு மலையைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். மலைக்கு வர எடுத்த ஹெலிகாப்டருக்கும் விடுப்புக்கும் செலவான பணம் ஒரு காரணமே இல்லை.

பொள்ளாச்சிப் பையனைப்போல் இந்த நாட்டுக்கு வந்து வேட்டைக்குப் பழகும் தமிழ்ப் பிள்ளைகள் இப்போது கண்ணில் படுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் லைசென்ஸ், அடுத்து சுடுதளத்தில் ஒரு பருவம் முழுக்கப் பயிற்சி. வாங்குவதில் முதலில் டார்க் ரெஞ்சும் பைனாகுலரும், பிறகு நல்ல ரிங்குகள், கடைசியாகத்தான் ஸ்கோப். குளிர்ந்த குழலின் முதல் குண்டு, 200 மீட்டரில், ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குள் தவறாமல் படும்வரை மலைப்பக்கம் போக வேண்டாம். அதற்கு ஓராண்டு ஆனாலும் ஆகட்டும். வரையாட்டுக்கு நாம் அதைக் கடன்பட்டிருக்கிறோம்.